சர்வதேச ரக்பி வீராங்கனையாக விரும்புபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் எமிலி ஸ்காரட் 2008இல், 18 வயதில், தேசிய அணிக்கு ஆடத் தொடங்கினார். 2025 அக்டோபரில் ஓய்வை அறிவித்தபோது அவர் கணக்கில் 119 சர்வதேச ஆட்டங்கள், 754 புள்ளிகள், இரண்டு உலகக்கோப்பைகள். 2014 இறுதியாட்டத்தில் கனடாவுக்கு எதிராக இங்கிலாந்து எடுத்த 21 புள்ளிகளில் 16 அவருடையவை. இப்படி 17 ஆண்டுகள் நிலைப்பது அபூர்வம். திறமை இருந்தும் பலர் பாதியிலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். அதற்கான காரணங்களில் சில நம் கையில் இருப்பவை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, தலையில் பட்ட அடியை மறைப்பது. 2025 உலகக்கோப்பையில் வீராங்கனைகள் பல்லைக் காக்க வாயில் அணிந்த மவுத்கார்டில் விளக்கு இருந்தது. பலமான அதிர்வு ஏற்பட்டால் அது சிவப்பாக மின்னும். நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார், வீராங்கனை பரிசோதனைக்கு வெளியே போவார், தற்காலிகமாக இன்னொருவர் உள்ளே வருவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றிரவு வரும் வாந்தியையும், மறுநாள் வெளிச்சம் பட்டாலே கண் கூசுவதையும், பேச வந்தது மறந்துபோவதையும் எந்தக் கருவியும் பார்க்காது. அதைச் சொல்ல வேண்டியவர் வீராங்கனைதான். அணியில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்தில் இறங்குகிறார்கள். முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி உயிருக்கே ஆபத்தாகலாம். பயிற்சியாளர் முகம் சுளித்தாலும் சரி, மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

இதோடு ஒட்டி வரும் தவறு, மோதக் கற்றுக்கொள்ளாமலேயே மோதுவது. பெண்கள் ரக்பியில் வேறு விளையாட்டிலிருந்து தாமதமாக வருபவர்கள் நிறைய. நியூசிலாந்தின் போர்ஷியா வுட்மன், உடல் மோதலுக்கு இடமில்லாத நெட்பால் ஆடியவர். 2012இல் அந்நாடு ஒலிம்பிக்குக்காகத் திறமையாளர்களைத் தேடியபோது அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பியான செவன்ஸுக்கு வந்து, பிறகு இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றார். வேகம் இருந்தால் அணிக்குள் நுழைந்துவிடலாம், ஆனால் பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளைக் கற்றுத்தான் ஆக வேண்டும். எதிராளியின் ஓட்டத்துக்குக் குறுக்கே உங்கள் தலை போகக் கூடாது. தோளால் தடுக்கும்போது தலை அவர் இடுப்புக்குப் பின்பக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். விழும்போது தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கழுத்துத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் அதைத் தவிர்க்காதீர்கள்.

காயத்திலிருந்து அவசரப்பட்டுத் திரும்புவதும் அப்படித்தான். ஸ்காரட் 2021இல் கால் முறிந்து, பல மாதங்கள் கழித்தே மைதானத்துக்கு வந்தார். 2023இல் கழுத்தில் அறுவைச் சிகிச்சை. அதற்கு ஓராண்டுக்கு மேல் ஒதுங்கியிருந்தார். அவசரப்பட்டிருந்தால் 2025இல் ஐந்தாவது உலகக்கோப்பை ஆடிய முதல் இங்கிலாந்து வீராங்கனை என்ற பெருமை கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

பணத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. உலகின் மிகப் பலமான பெண்கள் அணிகளில் ஒன்றான இங்கிலாந்திலேயே அணிக்கு 15 பேர் ஆடும் வழக்கமான ரக்பிக்கான ஒப்பந்தங்கள் 2017 உலகக்கோப்பையோடு முடிந்தன, புதுப்பிக்கப்படவில்லை. 28 பேருக்கு முழுநேர ஒப்பந்தம் கிடைத்தது 2019 ஜனவரியில்தான். பல நாடுகளில் இன்றும் சொந்தச் செலவில், விடுப்பு எடுத்து ஆடுகிறார்கள். எனவே தேசிய அணிக்கு அழைப்பு வந்ததுமே படிப்பையோ வேலையையோ விட்டுவிடாதீர்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்தால் சம்பளத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது இன்னொரு தவறு. காயம்பட்ட மாதங்களில் சம்பளம் உண்டா? சிகிச்சைச் செலவு யாருடையது? கர்ப்பமானால் என்ன? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்கவே கூடாது. இங்கிலாந்து ரக்பி சங்கம் 2023இல் 26 வாரம் முழுச் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு அறிவித்தது. அதை முதலில் பயன்படுத்திய ஏபி வார்ட், குழந்தை பிறந்த 17 வாரத்தில் கிளப் ஆட்டத்துக்குத் திரும்பினார், 2025இல் உலகக்கோப்பை வென்ற அணியிலும் இருந்தார். எல்லா உடலும் அந்த வேகத்தில் தேறாது, அவருடைய 17 வாரத்தை யாரும் இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் சங்கத்தில் இப்படி ஒரு விதி இல்லையென்றால், கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.