வியர்டு சயின்ஸ்: எந்த 12 முதல் 12?

அமெரிக்காவின் இ.சி. காமிக்ஸ் வெளியிட்ட ‘வியர்டு சயின்ஸ்’, ‘வியர்டு ஃபேன்டசி’ என்ற அறிவியல் புனைகதை காமிக்ஸ் இதழ்கள் இரண்டையும் வரிசையாகப் படிக்கப் போகிறீர்களா? முதலில் இதழ் எண்ணை மறந்துவிடுங்கள். மாதத்தையும் வருடத்தையும் மட்டும் பாருங்கள்.

1950 மே-ஜூனில் வந்த முதல் வியர்டு சயின்ஸிலேயே 12 என்றுதான் போட்டிருக்கும். அது ‘சேடில் ரொமான்ஸஸ்’ என்ற கௌபாய் காதல் இதழின் எண் கணக்கைத் தொடர்ந்தது. புதுப் பெயர் என்றால் தபால் துறைக்குப் புதிதாகக் கட்டணம் கட்ட வேண்டும்; பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் அதை மிச்சம் பிடிக்கப் பார்த்தார். ஃபேன்டசியும் அதே மாதம் இன்னொரு காதல் இதழின் வாலைப் பிடித்துக்கொண்டு 13-ல் தொடங்கியது. தபால் துறை விடவில்லை. அதனால் வந்த இதழ்களை ஒன்றிலிருந்து எண்ணிப் போட வேண்டியதாயிற்று: சயின்ஸில் 15-க்கு அப்புறம் 5, ஃபேன்டசியில் 17-க்கு அப்புறம் 6!

விளைவு, சயின்ஸில் 12 முதல் 15 வரையும் ஃபேன்டசியில் 13 முதல் 17 வரையும் இரண்டிரண்டு உண்டு. என் பட்டியலில் ‘ச-12/50’, ‘ச-12/52’ என்று வருடத்தோடுதான் குறித்து வைத்திருக்கிறேன். வாங்கும்போதும் வருடத்தைக் கேட்டே வாங்குங்கள்.

ஒவ்வொரு கதையும் தனிக்கதை என்பதால் 1950-லிருந்தே தொடங்கியாக வேண்டும் என்றில்லை. நான் 1952-ல் தொடங்கச் சொல்வேன். ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டைன் படத்தில் தெரிவதையே மேலே பத்தி பத்தியாக எழுதுகிற ஆள். அதைத் தாங்க ஓவியர் வாலி வுட்டின் ராக்கெட் உட்புறங்கள் வேண்டும். சுவர் முழுக்கக் குழாய், டயல், ஒயர்! அந்த வருட ஃபேன்டசி 13-ல் எழுத்தாளர் ரே பிராட்பரியின் இரண்டு கதைகளைக் கேட்காமலே ஒன்றாக்கிப் போட்டார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை. பணம் அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று கடிதம் எழுதினார். பணம் போனது, அப்புறம் அனுமதியோடே அவர் கதைகள் வந்தன.

ஃபேன்டசி 18-ஐ (1953) மட்டும் நிதானமாகப் படியுங்கள். அதில் ஜோ ஆர்லாண்டோ வரைந்த ‘ஜட்ஜ்மென்ட் டே’ இருக்கிறது. ரோபோக்களின் கிரகம்; உள்ளே ஒரே பாகங்கள்தான், ஆனால் ஆரஞ்சு ரோபோவுக்கு ஒரு வாழ்வு, பேருந்தில் பின்னால் உட்கார வேண்டிய நீல ரோபோவுக்கு வேறு வாழ்வு. பூமியிலிருந்து சோதிக்க வந்தவர் கடைசிக் கட்டத்தில்தான் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். கறுப்பினத்தவர். முகத்தில் வியர்வைத் துளிகள் மின்னுகின்றன.

லாபமில்லாததால் 1954-ல் இரண்டையும் ‘வியர்டு சயின்ஸ்-ஃபேன்டசி’ என்று ஒன்றாக்கினார்கள். 23 முதல் 29 வரை அந்தப் பெயர், 30 முதல் 33 வரை ‘இன்கிரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’. இங்கே எண்ணை நம்பலாம்.

33-ல் மறுபடி ‘ஜட்ஜ்மென்ட் டே’ வரும், தாண்டிப் போகாதீர்கள். காமிக்ஸ் தணிக்கை அமைப்பு வேறொரு கதையை நிராகரித்ததால் அந்த இடத்தில் கெய்ன்ஸ் இதை வைத்தார். அந்த விண்வெளி வீரர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார் தணிக்கை அதிகாரி சார்லஸ் மர்ஃபி. கெய்ன்ஸ் ஒரு கோட்டைக்கூட மாற்றாமல் அச்சிட்டார். 1956 தொடக்கத்தில் வந்த அந்த இதழோடு தொடர் நின்றது.

பழைய பிரதிக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். இதழ் வரிசையில் வண்ணத்தோடு வேண்டுமானால் டார்க் ஹார்ஸ் மறுபதிப்பு. எனக்குப் பிடித்தது ஓவியர் வாரியாக ஃபேன்டாகிராஃபிக்ஸ் போடும் கறுப்பு-வெள்ளைத் தொகுப்பு. வுட்டின் கோடுகள் அதில்தான் தெளிவாகத் தெரியும்.