இசை நாவலைக் கொடுப்பதற்கு முன் காதைத் தயார் பண்ணுங்கள்

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இசையைப் பற்றிய நாவல் ஒன்றைக் கொடுத்தால், கதையில் யாராவது பாட ஆரம்பிக்கிற பக்கம் வந்ததும் அப்படியே தாண்டிப் போய்விடுவார்கள். முதல் தடவை நான் ராகம், கமகம், சுருதி என்று நாற்பது சொல்லுக்குப் பொருள் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். எல்லாரும் மனப்பாடம் பண்ணி ஒப்பித்தார்கள், ஆனால் அதே சொற்கள் நாவலில் வந்தபோது ஒரு முகத்திலும் ஒன்றும் அசையவில்லை. சொல்லுக்குப் பொருள் தெரிந்திருந்தது, அந்தச் சத்தத்தை அவர்கள் கேட்டதே இல்லை.

அதனால் இப்போது நாவலுக்கு முன் ஒரு வாரம் ஒதுக்குகிறேன். நீங்களும் ஒதுக்குங்கள். அந்த வாரம் புத்தகத்தைக் கண்ணிலேயே காட்ட வேண்டாம்.

அவர்கள் வீட்டுச் சத்தத்திலிருந்து தொடங்குங்கள். எங்கள் சேலம் அம்மாபேட்டைப் பக்கம் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. "எந்தச் சத்தம் கேட்டால் உனக்குத் தூக்கம் கலையும்?" என்று கேட்டேன். ஒரு பெண் சொன்னாள்: "சத்தம் கேட்டா இல்ல சார், தறி நின்னாத்தான் முழிச்சுக்குவேன். ஊடை (குறுக்கு நூல்) தீர்ந்திருச்சுன்னு தெரிஞ்சிரும்." அவளை அந்தத் தறிச் சத்தத்தை மேஜையில் தட்டிக் காட்டச் சொன்னேன், தட்டினாள், பக்கத்து வீட்டுப் பையன் "எங்க தறி இதைவிட வேகம்" என்று தன் கணக்கைத் தட்டினான். அதற்குப் பிறகுதான் ஆதி தாளத்தைப் போட்டுக் காட்டினேன்: ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு, மொத்தம் 8. புதிதாக ஒன்றைக் கற்கிற முகமே யாருக்கும் இல்லை.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயமாக இருந்தால் இன்னும் நல்லது. பம்பை மேளம் அடிக்கும்போது அருள் வந்து ஆடுகிறவர்களை இவர்கள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறார்கள், சில பேர் வீட்டிலேயே அத்தையோ பாட்டியோ ஆடுவார்கள். நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள். அடி எந்த இடத்தில் வேகம் பிடித்தது, அப்போது சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள், உன் கால் என்ன செய்தது, இதை மட்டும் கேளுங்கள்.

மூன்றாம் நாள் ஒரு தம்பூராவைக் கொண்டுவரப் பாருங்கள். தெரிந்த பாட்டு டீச்சர் யாராவது இருந்தால் கெஞ்சிக் கேட்டாவது வாங்குங்கள், போனில் ஓடும் சுருதி இதற்குப் போதாது. நாலு தந்தி: முதலில் பஞ்சமம் (ப), நடுவில் இரண்டு சட்ஜம் (ச), கடைசியில் கீழ் சட்ஜம். தந்திகளைத் தாங்கும் குதிரை என்கிற கட்டையின் மேல் தந்திக்கு அடியில் ஒரு சின்ன நூல் துண்டு இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் மொட்டையாக ஒலித்த தந்தி ஒரு இடத்தில் திடீரென்று ரீங்காரம் எடுக்கும். அந்த இடத்தைப் பிள்ளைகளே தேடிப் பிடிக்கட்டும். "உள்ள தேனீ பூந்துருச்சு சார்" என்றான் ஒருவன். நூலோடு பிறந்து வளர்ந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு நூல் இப்படிப் பண்ணும் என்பதில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம், இதற்கு இரண்டு நாள் கூட எடுக்கலாம். வார்த்தை இல்லாத நாகஸ்வர ஆலாபனையோ புல்லாங்குழலோ ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, கேட்டதைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். இனிமை, அருமை, தேன், மெய்மறந்து, இந்த நாலும் கூடாது. பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், உட்காரட்டும், உதவாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி "ஃபேன் சத்தம் கேட்கவில்லை" என்று எழுதுவாள், இன்னொருவன் இறந்துபோன தாத்தாவை எழுதுவான். தாளில் சத்தம் வராது, கேட்டவருக்கு என்ன ஆனது என்பதுதான் வரும், நாவலாசிரியரும் அதே கஷ்டத்தில்தான் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று அப்போது சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு அகநானூறு 102ஆம் பாட்டைக் காட்டுங்கள். தினைப்புனத்தில் பரண்மேல் காவல்காரன் கள் மயக்கத்தில் இருக்க, அவன் மனைவி கூந்தலைக் கோதிக் காயவைத்தபடி குறிஞ்சிப் பண் பாடுகிறாள். மேய வந்த யானை கதிரையும் தின்னவில்லை, நின்ற இடத்தை விட்டும் நகரவில்லை, தூங்கிவிட்டது. அவள் குரல் எப்படி இருந்தது என்று புலவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாருங்கள்! பொருநராற்றுப்படையில் பாலை யாழைக் கேட்ட வழிப்பறிக் கள்வர் ஆயுதத்தைக் கீழே போடுவதும் இப்படித்தான். முடிந்தால் இந்தப் பாட்டை ஏற்காட்டில் வைத்துப் படியுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, வண்டியை விட்டு இறங்கினதும், ஏரிப் பக்கம் போகாமல் ஏதாவது காப்பித் தோட்டத்தை ஒட்டின பாதையில் பத்து நிமிஷம் பேசாமல் உட்காரவைத்தேன். தறி ஓடாத காதில் என்னென்ன விழுகிறது என்று பிள்ளைகளே ஆச்சரியப்பட்டார்கள்.

இப்போது நாவலைக் கொடுக்கலாம். பாட்டு வரும் முதல் காட்சியை நீங்களே சத்தமாக வாசியுங்கள், அவசரமில்லாமல். யார் கேட்கிறார்கள், எது நின்றுபோனது, உடம்பு என்ன செய்தது, இந்த மூன்றையும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். நாவலில் ஒரு ராகத்தின் பெயர் வந்தால் காட்சியைப் படித்து முடித்த பிறகு போட்டுக் காட்டுங்கள், முன்னாலே போட்டால் மனசுக்குள் கேட்கிற வேலையை விட்டுவிடுவார்கள்.

அந்த ஐந்து வாக்கியத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாவல் முடிந்த மறுநாள் அவரவர் தாளை அவரவரிடம் கொடுங்கள். திருத்து என்று சொல்லவே வேண்டியதில்லை, தானாகவே பேனாவை எடுப்பார்கள்.