ஃபெர்மி லாட் டேட்டா: எர்ரரே வராத தப்புங்க

புதுசா ஃபெர்மி டேட்டால (ஃபெர்மி செயற்கைக்கோள்ல இருக்குற லாட்ங்கற காமா கதிர் தொலைநோக்கி எடுக்குறது) இறங்குறவங்க ஸ்கிரிப்ட்ட திறந்து பாத்தா, நாங்கல்லாம் ஒரு காலத்துல அடிச்ச கூத்து அப்படியே திரும்ப நடக்குது. ஃபைல் பாத் தப்பு, கமா விட்டுப்போச்சு, இதெல்லாம் இங்க பேசப் போறதில்ல, அது எர்ரர் கத்தும், நீங்களே சரி பண்ணிப்பீங்க. கத்தாம கமுக்கமா ஒரு நம்பர் குடுக்குற வகைதான் ஆபத்து.

இசட்மேக்ஸ், அதாவது செனித் கோண வரம்பு (இதுதான் ரொம்ப எரிச்சல்)

ஃபெர்மி பூமிக்கு மேல சுமார் 550 கிமீ-ல சுத்துது. காஸ்மிக் கதிர் வளிமண்டலத்துல மோதுறதால பூமியோட விளிம்புலேந்து காமா கதிர் கொட்டும், அந்த விளிம்பு செனித்லேந்து (தலைக்கு நேர் மேல இருக்குற புள்ளி) சுமார் 113 டிகிரில இருக்கு. 100 எம்இவி எனர்ஜில பிஎஸ்எஃப் (ஒரு புள்ளி சோர்ஸ் படத்துல பரவித் தெரியுற அளவு) 5 டிகிரி கிட்ட அகலம், வால் அதுக்கும் நீளம், அதனால பயந்து 90 டிகிரிலயே வெட்டிடறோம். ஜிடிசெலக்ட்ல (ஃபோட்டான வடிகட்டுற டூல்) 90 குடுக்க யாரும் மறக்கறதில்ல, எல்லா டுடோரியல்லயும் இருக்கு.

அடுத்து ஜிடிஎல்டிக்யூப் (லைவ்டைம், அதாவது டிடெக்டர் வேலை செஞ்ச நேரத்த வானத்து இடம் வாரியா எண்ணி க்யூபா போடுற டூல்) ஓட்டும்போது அங்கயும் இசட்மேக்ஸ் தனியா 90 குடுக்கணும், அதோட டிஃபால்ட் 180, குடுக்கலன்னா அது பாட்டுக்கு சோர்ஸ் 90 டிகிரிக்கு கீழ இறங்கி இருந்த நேரத்தையும் சேத்து லைவ்டைம் எண்ணிட்டு போயிடும். அந்த நேரத்து ஃபோட்டான ஏற்கனவே தூக்கிப் போட்டாச்சு. கடை மூடியிருந்த நேரத்தையும் சேத்து மணிக்கு எவ்ளோ வியாபாரம்னு சராசரி போட்ட கதைதான், ஃப்ளக்ஸ் (சோர்ஸோட பிரகாசம்) குறைஞ்சுதான் வரும்.

ஒரு பையன் பிளாசார் (ஜெட் நம்ம பக்கம் பாக்குற காலக்ஸி) ஒண்ணோட வாராந்திர லைட் கர்வ் (பிரகாசம் நேரத்தோட மாறுற கிராஃப்) எடுத்துட்டு வந்தான், கிட்டத்தட்ட 53 நாள் பீரியட் இருக்கு, பைனரி பிளாக் ஹோலா இருக்குமோன்னு முகமெல்லாம் வெளிச்சம். 53 நாள்னு கேட்டதுமே எனக்கு பக்குனு ஆச்சு, ஏன்னா ஃபெர்மியோட ஆர்பிட் பிரிசஷன் (ஆர்பிட் தளமே மெல்ல சுழல்றது) பீரியடே சுமார் 53 நாள்தான். சோர்ஸ் எவ்ளோ நேரம் அந்த 90-க்கு கீழ போகுதுங்கறது ஆர்பிட் தளம் சுழலச் சுழல மாறும், எக்ஸ்போஷர்ல (பாத்த நேரமும் டிடெக்டர் பரப்பும் பெருக்குனது) அத கழிக்கலன்னா அந்த ஆட்டம் மொத்தமும் ஃப்ளக்ஸ்ல வந்து உக்காரும். ஸ்கிரிப்ட்ட பாத்தா, ஆமா, இசட்மேக்ஸ்னு ஒரு வரியே இல்ல. டிராஃப்ட் பேப்பர் பாதி எழுதியாச்சு தம்பி அதுக்குள்ள!

கண்டுபிடிக்க ஒரு வழி: காலக்டிக் டிஃப்யூஸ் (நம்ம காலக்ஸியோட பரவலான ஒளி) நார்மும் ஐசோட்ரோபிக் (எல்லா திசையிலயும் சமமா வர்ற பேக்ரவுண்ட்) நார்மும், அதாவது மாடல பெருக்குற எண், ரெண்டும் சேந்து ஒரே அளவு 1-க்கு கீழ இறங்கியிருந்தா, வானத்த விட்டுட்டு எக்ஸ்போஷர சந்தேகப்படுங்க. ஜிடிவிகட் போட்டு ஹெடர பாத்தா ஜிடிசெலக்ட்ல குடுத்த கட் எல்லாம் தெரியும், அத லைவ்டைம் க்யூபுக்கு குடுத்ததோட நேரா வச்சு பாக்கணும். 4எஃப்ஜிஎல்-ல (ஃபெர்மியோட நாலாவது சோர்ஸ் கேட்டலாக்) மாதிரி எனர்ஜிக்கு ஏத்தபடி கட் மாத்துனீங்கன்னா (50–100 எம்இவி-க்கு 80 டிகிரி, 1 ஜிஇவி-க்கு மேல 105) ஒவ்வொரு கட்டுக்கும் தனி க்யூப் வேணும், நேரமாகுதுன்னு ஒண்ணையே எல்லாத்துக்கும் மாட்டி விடாதீங்க. பத்து வருஷ டேட்டாவுக்கு க்யூப் போட நேரம் எடுக்கும்தான், போட்டுட்டு போய் தூங்குங்க.

கிளாஸ் ஒண்ணு, ஐஆர்எஃப் (டிடெக்டரோட ரெஸ்பான்ஸ் ஃபைல்) ஒண்ணு

இவென்ட் கிளாஸ் (ஃபோட்டான எவ்ளோ கறாரா வடிகட்டுனதுங்கற தரம்) 128-னா சோர்ஸ், 256-னா கிளீன். கிளீன்ல செலக்ட் பண்ணிட்டு சோர்ஸோட ஐசோட்ரோபிக் டெம்ப்ளேட் போடுறாங்க. அந்த டெம்ப்ளேட்ல வானத்து ஒளி மட்டும் இல்ல, காமா மாதிரி ஏமாத்தி உள்ள வந்த சார்ஜ்டு துகளும் சேந்திருக்கு, கிளாசுக்கு கிளாஸ் அளவு வேற. அதே மாதிரி பழைய டுடோரியல்லேந்து பி8ஆர்2 (பழைய டேட்டா வெர்ஷன்) ஃபைல் எடுத்து ஒட்டாதீங்க, 2018-ல பி8ஆர்3 வந்ததே ஏசிடி (சார்ஜ்டு துகள கண்டுபிடிச்சு ஒதுக்குற கவசம்) ரிப்பன் வழியா கசிஞ்ச பேக்ரவுண்ட அடைக்கத்தான்.

எனர்ஜி டிஸ்பர்ஷன்

இது அளந்த எனர்ஜிக்கும் நிஜ எனர்ஜிக்கும் உள்ள வித்தியாசத்த திருத்துறது. 300 எம்இவி-க்கு கீழ போனா கண்டிப்பா ஆன். ஐசோட்ரோபிக்குக்கு மட்டும் ஆஃப், அது டேட்டாலேந்தே ஃபிட் பண்ணது.

டிஎஸ் 25

டிஎஸ் (சோர்ஸ் நிஜமா இருக்கான்னு சொல்ற டெஸ்ட் ஸ்டாட்டிஸ்டிக்) 25 வந்தா 5 சிக்மான்னு எழுதாதீங்க. இடம், இண்டெக்ஸ் எல்லாம் சேத்து நாலு பாராமீட்டர் விட்டா 4 சிக்மாவுக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான்.

நேரம்

மெட் (மிஷன் எலாப்ஸ்டு டைம், ஃபெர்மி டேட்டால இருக்குற நேரம்) 2001 ஜனவரி 1-லேந்து செகண்ட். யூனிக்ஸ் டைம் இல்ல.