11 கே.வி. வேக்கம் பிரேக்கர் சோதனை: முதல் டிரிப்பைத் தவறவிடாதீர்கள்

11 கே.வி. பேனலில் இருக்கும், வெற்றிடத்துக்குள் கரன்ட்டைத் துண்டிக்கும் வேக்கம் பிரேக்கர் மாதக்கணக்கில் ஆனிலேயே கிடக்கும். ஃபால்ட் வந்தால் மட்டும் 50 மில்லி செகண்ட் போலத் திறந்தாக வேண்டும். திறக்குமா என்று உண்மையாகத் தெரிவது, பராமரிப்புக்கு எல்.சி. (லைன் கிளியர், வேலை செய்ய அனுமதி) வாங்க அதை ஆஃப் செய்யும் அந்த ஒரே தடவையில்தான். ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் லாட்ச்சிலும், அசைவைக் கடத்தும் லிங்கேஜிலும் கிரீஸ் காய்ந்திருந்தால் முதல் டிரிப், அதாவது திறப்பு, தாமதமாகும். இரண்டு மூன்று தடவை இயக்கியதும் இறுக்கம் விட்டு நேரம் சரியாகிவிடும். பிரேக்கர் உட்கார்ந்திருக்கும் ட்ராலியை வெளியே இழுத்து, நாலு முறை ஆன் ஆஃப் செய்து பார்த்துவிட்டு திறக்கும், மூடும் நேரத்தை அளக்கும் டைமிங் கிட்டை மாட்டினால் கிடைப்பது அழகான ரிப்போர்ட், அவ்வளவுதான்.

அதனால் லோடை மாற்றியதும், ஆஃப் செய்வதற்கு முன்பே, பிரேக்கரைத் திறக்கவைக்கும் டிரிப் காயிலுக்குப் போகும் ஒரு வயரில் டி.சி. கிளாம்பை மாட்டி ரெக்கார்டரோடு இணையுங்கள். டிரிப் கொடுத்தால் காயில் கரன்ட் ஏறும், காயிலுக்குள் இருக்கும் இரும்புத் தண்டான பிளஞ்சர் நகரும்போது ஒரு பள்ளம் விழும், மீண்டும் ஏறும், பிரேக்கரோடு சேர்ந்து இயங்கும் ஆக்சிலரி கான்டாக்ட் திறந்ததும் அறுந்துவிடும். பழைய பதிவை விடப் பள்ளம் தாமதமாக விழுந்தால் பிளஞ்சரிலோ லாட்ச்சிலோ இறுக்கம். பள்ளம் அதே இடத்தில் இருந்து, கரன்ட் அறுவது மட்டும் தள்ளிப்போனால் கோளாறு லாட்ச்சைத் தாண்டி, மெக்கானிசத்திலோ ஆக்சிலரி சுவிட்ச்சிலோ இருக்கிறது.

பிறகு ட்ராலியை வெளியே எடுங்கள். கன்ட்ரோல் பிளக்கைக் கழற்றி, கையாலேயே ஆன், ஆஃப் செய்து ஸ்பிரிங் சார்ஜை இறக்குங்கள். சார்ஜ் ஏறிய ஸ்பிரிங் இருக்கும் பிரேக்கருக்குள் கை விடக்கூடாது, விரல் போய்விடும்.

அடுத்தது டைமிங் கிட். மில்லி செகண்ட் அளவுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த எல்லைதான் வேதம். மூன்று ஃபேஸும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டியது ஐ.இ.சி. 62271-100 என்ற சர்வதேசத் தரநிலை சொல்வது: ஆன் ஆகும்போது வித்தியாசம் கால் சைக்கிளுக்குள், அதாவது 50 ஹெர்ட்ஸில் 5 மில்லி செகண்ட், ஆஃபில் ஆறில் ஒரு பங்கு, சுமார் 3.3.

கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் பார்க்க மல்டிமீட்டர் உதவாது. பிரேக்கரை ஆனில் வைத்து 100 ஆம்பியர் டி.சி. செலுத்தும் மைக்ரோ ஓம் மீட்டர் வேண்டும். 50 மைக்ரோ ஓம் என்றால் அளக்கும் வோல்டேஜே 5 மில்லி வோல்ட்தான். எனவே வோல்டேஜ் லீடுகளைக் கரன்ட் கிளாம்புக்கு உள்பக்கமாக, வெறும் உலோகத்தில் வையுங்கள். கரன்ட் கிளாம்பின் மேலேயே வைத்தால் கிளாம்பின் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து வரும். 1250 ஆம்பியரில் 50 மைக்ரோ ஓம் கொடுக்கும் சூடு 78 வாட். 150 ஆகிவிட்டால் 234 வாட், அதுவும் ஒரே இடத்தில். ஒரு ஃபேஸ் மட்டும் கூடுதலாக இருந்தால் பாட்டிலின் (கான்டாக்ட்டுகள் இருக்கும் வேக்கம் குழாய்) மேல் உடனே பழி போடாதீர்கள். பாட்டிலின் இரு முனைகளுக்கு நடுவில் மட்டும் தனியாக அளந்து பாருங்கள். பல நேரம் தளர்ந்த போல்ட்டோ, ஸ்பிரிங் தளர்ந்த ஃபிங்கர் கான்டாக்ட்டோதான் காரணம்.

இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் மெகர் சுருக்கமான வேலை. 5 கே.வி., ஒரு நிமிடம்: ஆனில் ஒவ்வொரு ஃபேஸும் எர்த்துக்கு, ஃபேஸுக்கு ஃபேஸ், ஆஃபில் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும். கன்ட்ரோல் வயரிங்குக்கு 500 வோல்ட் மெகர் போதும், அதுவும் எலக்ட்ரானிக் பாகங்களைக் கழற்றிவிட்டு. மழை நாளில் ரீடிங் குறைந்தால் இன்சுலேட்டரை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

ஆனால் மேல் கீழ் மெகர் ரீடிங் நன்றாக இருப்பதால் பாட்டிலில் வேக்கம் இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். கான்டாக்ட் இடைவெளி 8 முதல் 10 மில்லி மீட்டர். பாட்டில் விரிசல் விட்டு உள்ளே காற்றே நிறைந்திருந்தாலும் அந்த இடைவெளி 5 கே.வி.யைத் தாங்கும். வேக்கத்தைப் பார்க்க ஏ.சி. ஹைபாட், அதாவது அதிக வோல்டேஜ் தாங்கும் சோதனைதான் வேண்டும். 12 கே.வி. வகைக்குத் தொழிற்சாலை அளவு 28 கே.வி.; களத்தில் பொதுவாக அதில் 80 சதவீதம், 22.4 கே.வி., ஆஃப் நிலையில் ஒரு நிமிடம். வோல்டேஜை மெதுவாக ஏற்றுங்கள். டி.சி. ஹைபாட் நல்ல பாட்டிலையும் கெட்டதாகக் காட்டக்கூடும். வேக்கத்தில் அதிக வோல்டேஜ் எக்ஸ்-ரே உண்டாக்கலாம்; சொன்ன வோல்டேஜைத் தாண்டாமல், முழு இடைவெளியோடு, இரண்டு மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

கடைசியாகக் காயில்கள். 110 வோல்ட் டி.சி. என்றால் டிரிப் காயில் 70 சதவீதமான 77 வோல்ட்டிலேயே தட்ட வேண்டும். குளோசிங் காயிலுக்கு 85 சதவீதம், 93.5. ஃபால்ட் நேரத்தில் சார்ஜருக்கு வரும் ஏ.சி.யே விழுந்து, பேட்டரி மட்டும் தாங்கும் நிலைமைக்கான கணக்கு இது. வோல்டேஜைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். காயில் கணநேரம் தாங்கத்தான் செய்யப்பட்டது, புகைந்துவிடும். 77ல் செட் செய்து, சின்ன பல்ஸாகக் கொடுங்கள். எரிந்த டிரிப் காயிலை மாற்றினால், ஆக்சிலரி கான்டாக்ட் சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். அது ஒட்டியிருந்தால் புதுக் காயிலும் அடுத்த டிரிப்பிலேயே போகும்.

ட்ராலியைத் திரும்பத் தள்ளும்போது டெஸ்ட் பொசிஷனில் நிறுத்தி, பிளக்கை மாட்டி, ரிலே வழியாகவே ஒருமுறை டிரிப் செய்துவிட்டு, ஆஃப் நிலையில்தான் சர்வீஸுக்குள் தள்ள வேண்டும்.