பள்ளியில் எழுதிய எஸ்ஏடி மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவது எப்படி?

எஸ்ஏடி என்பது அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு. அமெரிக்கப் பள்ளிகள் வாரநாளில் தங்கள் வளாகத்திலேயே நடத்தும் எஸ்ஏடி தேர்வை ‘ஸ்கூல் டே’ என்பார்கள். சனிக்கிழமைத் தேர்வைப் போலவே 400 முதல் 1600 வரை மதிப்பெண். கல்லூரிகளும் இரண்டையும் ஒன்றாகவே மதிக்கின்றன. தேர்வை நடத்திய பள்ளியே மதிப்பெண்ணையும் அனுப்பிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். அனுப்ப வேண்டியவர் மாணவர்தான்.

எஸ்ஏடியை நடத்தும் அமைப்பான காலேஜ் போர்டின் தளத்தில், மாணவரின் கணக்கில் அந்தத் தேர்வு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான சிக்கல் இங்கேதான். ஸ்கூல் டே தேர்வுக்குப் பெயர், பிறந்த தேதியெல்லாம் பள்ளிப் பதிவேட்டிலிருந்து போகும். கணக்கில் மாணவர் வேறு மாதிரி எழுதியிருந்தால் இரண்டும் சேராது. நம் பிள்ளைகளுக்கு இது எளிதில் நேரும்: அப்பா பெயர் ஓரிடத்தில் கடைசிப் பெயராகவும் இன்னோரிடத்தில் வெறும் இனிஷியலாகவும் இருக்கும். மதிப்பெண் தெரியவில்லை என்று புதுக் கணக்கு தொடங்கினால் குழப்பம் இரட்டிக்கும். காலேஜ் போர்டு உதவி மையத்தை அழைத்து, ஒரே கணக்கில் இணைக்கச் சொல்லுங்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்திலும் அதே பெயர் இருக்கட்டும். பள்ளி கொடுத்த மின்னஞ்சலில் கணக்கு இருந்தால், சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள். பள்ளி முடிந்ததும் பள்ளி மின்னஞ்சல் மூடப்படலாம்.

மதிப்பெண்ணை அனுப்பப் பணம் கட்டும் முன், காலேஜ் போர்டின் அதிகாரப்பூர்வ மதிப்பெண் அறிக்கை இப்போதே தேவையா என்று அந்தந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தில் படியுங்கள். பல கல்லூரிகளுக்கு, விண்ணப்பத்தில் நீங்களே எழுதும் மதிப்பெண் போதும். சேரும்போது அறிக்கை அனுப்பினால் சரி. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. கட்டண விலக்குக்குத் தகுதியுள்ள மாணவர்கள் எத்தனை கல்லூரிக்கும் இலவசமாக அனுப்பலாம். பள்ளியின் கவுன்சிலரிடம் (ஆலோசகரிடம்) கூச்சப்படாமல் கேளுங்கள்.

காலேஜ் போர்டு கணக்கிலிருந்து அனுப்பும்போது கல்லூரியின் நான்கு இலக்கக் குறியீட்டைச் சரிபாருங்கள். ஒரே மாதிரிப் பெயர்கள் குழப்பும்: மயாமி யுனிவர்சிட்டி இருப்பது ஒஹாயோவில். யுனிவர்சிட்டி ஆஃப் மயாமி இருப்பது ஃபுளோரிடாவில். எந்தத் தேதியின் தேர்வை அனுப்புவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு தேதியின் கணிதத்தை மட்டும் பிரித்து அனுப்ப முடியாது. ஜார்ஜ்டவுன் போன்ற சில கல்லூரிகள் எழுதிய எல்லாத் தேர்வுகளையும் கேட்கும். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே அனுப்பிவிட்டு, கல்லூரியின் விண்ணப்பதாரர் தளத்தில் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள்.

இரண்டு விஷயங்களைப் பள்ளியில் கேட்டே ஆக வேண்டும். ஒன்று, காலேஜ் போர்டின் ஒப்புதல் இல்லாமல் மாநிலம் மட்டும் அனுமதித்த சிறப்புச் சலுகையோடு (கூடுதல் நேரம் போன்றவை) எழுதிய தேர்வின் மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்ப இயலாது. அப்படியிருந்தால் மறுபடி எழுத நேரம் வேண்டும். இன்னொன்று, சில பள்ளிகள் எஸ்ஏடி மதிப்பெண்ணை டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரிக்குப் போகும் பள்ளி மதிப்பெண் பட்டியலில், அச்சிடும். எஸ்ஏடி கட்டாயமில்லாத கல்லூரிக்குக் குறைந்த மதிப்பெண்ணைக் காட்ட விரும்பாவிட்டால், டிரான்ஸ்கிரிப்ட் போகும் முன்பே அதை நீக்கச் சொல்லுங்கள்.