பீட்டில் காரின் கிளட்ச், கியர்பாக்ஸ்: எஞ்சினை இறக்குமுன்னும் இறக்கிய பின்னும்

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் "கிளட்ச் போச்சு", "கியர்பாக்ஸ் போச்சு" என்று சொல்லப்படும் கோளாறுகளில் பல, கேபிளிலோ, கியர் லீவரின் அசைவை கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் கம்பியான கியர் ராடின் புஷ்ஷிலோ முடிந்துவிடும். எஞ்சினை இறக்குவது அரைநாள் வேலை. அதற்கு முன் வெளியிலிருந்தே பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்துவிட வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது கியர் விழாமல் அடம்பிடித்து, நிறுத்தியதும் சுலபமாக விழுந்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை. நிறுத்திய பிறகும் கியர் இறுக்கமாகவே இருந்தால் கிளட்சை விட்டுவிட்டு கியர் ராடைப் பாருங்கள். உறுதி செய்ய இன்னொரு வழி: ஐடிலில் கிளட்ச் மிதியை முழுக்க அழுத்தி, ஐந்து விநாடி கழித்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. கிளட்ச் சற்றே ஒட்டினாலும் கறகறவென்று காட்டிக்கொடுத்துவிடும். வழுக்குகிறதா என்று பார்க்க ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் மிதியை விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் கிளட்ச் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. இதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள், இருக்கிற பிளேட்டும் கருகிவிடும்.

மிதியை லேசாகத் தொட்டவுடன் கீச்சிடும் சத்தம் வந்தால் அது ரிலீஸ் பேரிங், அதாவது மிதியை அழுத்தும்போது கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் பேரிங். நியூட்ரலில் மிதியை விட்டிருக்கும்போது வரும் இரைச்சல் மிதியை அழுத்தியதும் நின்றால், சந்தேகம் கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் (கிளட்ச் பிளேட்டுக்குள் செருகியிருக்கும் இன்புட் ஷாஃப்ட்) பேரிங் மேல்தான்.

கேபிளும் அதன் வளைவும்

மிதியின் மேல்நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை ஃப்ரீ பிளே (கிளட்ச் அசையத் தொடங்கும் முன் மிதி சும்மா நகரும் தூரம்) இருக்க வேண்டும். இதைச் சரிசெய்யும் விங் நட்டு கியர்பாக்ஸின் இடது பக்கம், ரிலீஸ் லீவரின் நுனியில் இருக்கிறது. இடது பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் கை தாராளமாகப் போகும். கேபிளின் நுனியை பிளையரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். பிடிக்காமல் திருப்பினால் கேபிள் முறுக்கிக்கொள்ளும். விங் நட்டின் இரண்டு புடைப்புகளும் லீவரின் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் வேலை முடிந்தது. பாதிச் சுற்றில் நின்றால் கொஞ்ச தூரத்திலேயே அது தானாகத் திரும்பி அட்ஜஸ்ட்மென்ட் மாறிவிடும்.

ஃப்ரீ பிளே இல்லாமல் ஓட்டினால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும், கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை அழுத்திக்கொண்டிருக்கும். பேரிங்கும் தேயும், கிளட்சும் வழுக்கும். ஃப்ரீ பிளே அதிகமானால் கிளட்ச் விடாது, கியர் உரசும்.

சேசிஸ் டனலிலிருந்து (வண்டியின் தரை நடுவே நீளவாக்கில் ஓடும் மூடிய பாதை) வெளியே வந்த கேபிள், கியர்பாக்ஸ் பிராக்கெட் வரை பௌடன் டியூப் என்ற வளையும் குழாய்க்குள் போகிறது. அந்தக் குழாய் கீழ்நோக்கி 25 முதல் 45 மி.மீ. வரை தொங்க வேண்டும். இதைப் பலரும் அளப்பதே இல்லை. நேராக இழுத்துக் கட்டியதுபோல இருந்தால் கேபிளுக்குத் தேவையான சிறு உராய்வு கிடைக்காது, வண்டி கிளம்பும்போது உடம்பெல்லாம் குலுங்கும். வளைவு மிஞ்சினால் கேபிள் இழை இழையாக அறுந்துபோகும். பிராக்கெட்டுக்கும் குழாய் நுனிக்கும் நடுவே வாஷர் சேர்த்தால் வளைவு கூடும், எடுத்தால் குறையும். குலுக்கலுக்கு கியர்பாக்ஸ் மவுன்டிங் ரப்பர்கள் கிழிந்திருப்பதும் காரணமாகலாம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. கடப்பாரையால் நெம்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எவ்வளவு திருகினாலும் அட்ஜஸ்ட்மென்ட் நிற்கவில்லை, கேபிளும் புதிது என்றால், டனலுக்குள் கேபிள் போகும் இரும்புக் குழாயின் வெல்டிங் விட்டுப்போயிருக்கலாம். அதற்கு டனலை வெட்டித் திறந்து திரும்ப வெல்டிங் வைப்பதுதான் வழி.

கியர் விழாமை, கியர் நழுவுதல்

பின்சீட்டின் கீழே டனலில் ஒரு சிறிய மூடி உண்டு. அதைத் திறந்தால் கியர் ராடையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கப்ளர் தெரியும். அதன் புஷ் பொடிந்திருந்தால் கியர் லீவர் கஞ்சிக்குள் கரண்டி போல ஆடும். எந்த கியர் எங்கே என்றே பிடிபடாது. கப்ளரைப் பிடிக்கும் சதுரத் தலை ஸ்க்ரூவின் கூர்முனை ஷாஃப்டிலுள்ள குழியில் சரியாக இறங்க வேண்டும். இறுக்கியபின் லாக் கம்பியை மறக்காமல் கட்டுங்கள். லீவரின் அடியில் உள்ள ஸ்டாப் பிளேட்டைக் கழற்றுமுன் அதன் இடத்தையும், எந்தப் பக்கம் எந்த முகம் என்பதையும் கீறி வைத்துக்கொள்ளுங்கள். பிளேட் சில மி.மீ. நகர்ந்தாலே இரண்டாவது கியர் நழுவவோ ரிவர்ஸ் விழாமல் போகவோ செய்யும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு கியர் மட்டும் உரசினால், அந்த கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. ஆனால் 1961 மாடலுக்கு முந்தைய கியர்பாக்ஸ்களில் முதல் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது. அங்கே உரசினால் அது கோளாறில்லை.

எஞ்சினை இறக்குதல்

பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் எடுங்கள். ஏர் கிளீனர், டைனமோ வயர்கள், காயில் வயர், சோக் வயர், ஆயில் பிரஷர் வயர், ஆக்சிலரேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள்களும் குழாய்களும், எஞ்சினின் பின்பக்கத் தகடு: இவை எல்லாம் கழல வேண்டும். பெட்ரோல் ஹோஸைக் கழற்றிய கையோடு அடைத்துவிடுங்கள்.

எஞ்சினை கியர்பாக்ஸோடு பிடிப்பவை நான்கே இடங்கள்தான், எல்லாம் 17 மி.மீ. ஸ்பேனர். கீழே இரண்டு ஸ்டட் நட்டு, மேலே இரண்டு. மேல் வலது போல்ட் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் சேர்த்துப் பிடிக்கிறது. சுமார் 100 கிலோ எடை. ஜாக்கியை அடியில் கொடுத்துத் தாங்கிய பிறகே நட்டுகளை விடுங்கள். எஞ்சின் முதலில் நேராகப் பின்னால் வர வேண்டும். மெயின் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டை விட்டு முழுதாக வெளிவரும் முன் எஞ்சின் சாய்ந்தால், பிளேட் வளைந்துவிடும்.

உள்ளே பார்க்க வேண்டியவை

பிரஷர் பிளேட்டின் 6 போல்ட்டுகளையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிளேட்டில் ஆயில் இருந்தால் முகர்ந்து பாருங்கள். கந்தக நாற்றம் என்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல்; கருப்பான எஞ்சின் ஆயில் என்றால் ஃபிளைவீல் (எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் நுனியிலுள்ள கனத்த சக்கரம்) சீல். எஞ்சின் இறங்கியிருக்கும்போது இரண்டையும் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். சீல் ஒழுகினால் புது பிளேட்டும் நனைந்து வீணாகும்.

ஃபிளைவீலை எடுக்க 36 மி.மீ. சாக்கெட்டும் நீளமான கம்பியும் வேண்டும். கிராங்கோடு அது எந்த நிலையில் இருந்தது என்று குறியிடுங்கள். திரும்பப் பூட்டும்போது கிராங்க் எண்ட் பிளே (கிராங்க் ஷாஃப்ட் முன்பின் அசையும் அளவு) 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஆயில் சீல் இல்லாமல் இரண்டு ஷிம்மோடு (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) ஃபிளைவீலை இறுக்கி, டயல் கேஜில் அளந்து, வருவதிலிருந்து 0.10-ஐக் கழித்தால் மூன்றாவது ஷிம்மின் கனம் கிடைக்கும். மூன்று ஷிம் கட்டாயம். நடு நட்டுக்கு டார்க் (இறுக்கும் விசை) சுமார் 340 நியூட்டன் மீட்டர். அதற்குள் இருக்கும் நீடில் பேரிங்கில் துளி கிரீஸ் போதும்.

6 வோல்ட் மின்சாரம் உள்ள வண்டியின் ஃபிளைவீலுக்கு 109 பல், கிளட்ச் 180 மி.மீ. 12 வோல்ட்டுக்கு 130 பல், வழக்கமாக 200 மி.மீ. ரிலீஸ் பேரிங்கிலும் இரண்டு வகை: 1970 வரை பிரஷர் பிளேட்டின் நடுவில் வளையம் உண்டு, 1971 முதல் வளையம் இல்லை, பேரிங் ஒரு கைடு குழாய்மேல் ஓடும். ஒன்றின் பேரிங்கை மற்றதன் பிரஷர் பிளேட்டோடு சேர்க்கக் கூடாது.

கிளட்ச் பிளேட்டின் நீண்ட மூக்கு கியர்பாக்ஸ் பக்கம் இருக்கட்டும். அலைன்மென்ட் கருவியையோ பழைய மெயின் ஷாஃப்டையோ செருகி மையப்படுத்தி, போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். மெயின் ஷாஃப்டின் ஸ்ப்ளைனில் (நீளவாக்கிலுள்ள பற்கள்) மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவி மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

எஞ்சினை ஏற்றும்போது கியர் போட்டுவைத்து புல்லியைக் கையால் திருப்பினால் ஸ்ப்ளைன் பொருந்திக்கொள்ளும். இடைவெளி மிச்சமிருக்க நட்டை இறுக்கி இழுக்காதீர்கள். முழுக்கச் சேர்ந்தபின் 30 நியூட்டன் மீட்டர்.

கியர் ஆயில் மாற்றுவதானால், ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் பிளக்கில் கை வையுங்கள். வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. பல் துண்டு வந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும், அதற்கு பிரஸ்ஸும் ஃபோர்க் அமைக்கும் ஜிக்கும் தேவை, வீட்டு வேலை அல்ல. ஜி.எல்.-4 தர எஸ்.ஏ.இ. 90 சுமார் 2.5 லிட்டர் பிடிக்கும். மெதுவாக ஊற்றுங்கள், ஆயில் முன்பக்கம் பரவ நேரமாகும், அவசரப்பட்டால் பாதியிலேயே வழிந்து நிறைந்ததுபோல ஏமாற்றும்.

புது பிளேட் உட்கார்ந்ததும் ஃப்ரீ பிளே குறையும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் விங் நட்டை இன்னொருமுறை பார்த்துவிடுங்கள்.