சீக்கிய வழியில் இறங்குகிறவர் மற்ற மதங்களை எப்படிப் பார்ப்பது?

சீக்கியரின் வழிபாட்டிடமான குருத்வாராவுக்குப் போகத் தொடங்கியவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி இது: கடவுள் ஒருவர்தான் என்றால், ஒரு வழியை மட்டும் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? கடவுள் ஒருவர் என்பது வேறு, எதிலும் ஊன்றி நிற்க வேண்டாம் என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எத்தனை வருடம் போனாலும் விருந்தாளியாகவே இருப்பீர்கள்.

முதலில் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிபைப் படியுங்கள், மொழிபெயர்ப்பில் படித்தாலும் பரவாயில்லை. 1604-இல் குரு அர்ஜன் தொகுத்த அந்த நூலில், சீக்கிய குருமார்களின் பாடல்களோடு ஷேக் ஃபரீத் என்ற இஸ்லாமிய சூஃபி ஞானியின் பாடல்களும் பக்திக் கவிஞர்களான கபீர், நாம்தேவ், ரவிதாஸ் ஆகியோரின் பாடல்களும் இருக்கின்றன. சீக்கியர் தலை வணங்கும்போது இவை அத்தனைக்கும் சேர்த்துத்தான் வணங்குகிறார். மொத்தம் 1430 பக்கம். தொடக்கத்துக்கு மூன்று இடங்கள் போதும். 140-ஆம் பக்கத்தில் குரு நானக் முஸ்லிமைப் பார்த்து, கருணையே உன் மசூதியாகட்டும், நம்பிக்கையே தொழுகை விரிப்பாகட்டும், நேர்மையான சம்பாத்தியமே குர்ஆனாகட்டும் என்கிறார். 471-இல் பூணூலைப் பற்றி அதே தொனியில் பேசுகிறார்: இரக்கம் பஞ்சாகவும் மனநிறைவு நூலாகவும் இருக்கட்டும் என்று. 1350-இல் கபீர், வேதமும் குர்ஆனும் பொய் என்று சொல்லாதே, சிந்திக்காதவன்தான் பொய்யன் என்கிறார். வெறும் சடங்கை யார் செய்தாலும் கேள்வி கேட்கிறார்கள், யாருடைய நூலையும் இழிவுபடுத்தவில்லை. அதனால் அடுத்தவர் மதத்தைக் குறை சொல்ல நாக்கு துடிக்கும்போது, அதே கேள்வியை முதலில் உங்கள் பாராயணத்திடம் கேளுங்கள்.

மரியாதை என்றால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்பதாவது சீக்கிய குருவான தேக் பகதூரைப் பாருங்கள். காஷ்மீர் பண்டிதர்களின் வழிபாட்டு உரிமைக்காக நின்று 1675-இல் டெல்லியில் உயிரைக் கொடுத்தார் என்றே சீக்கியர்கள் அவரை நினைவுகூர்கிறார்கள். அவர்களுடைய பூணூல் அவருடைய வழியல்ல. இருந்தும் தலையைக் கொடுத்தார்! எனக்கு இதைவிடத் தெளிவான பாடம் தெரியவில்லை: தன் நம்பிக்கையில் உறுதியாக இருந்தவரால்தான் அடுத்தவர் நம்பிக்கைக்காக அப்படி நிற்க முடிந்தது.

சரி, தினசரி என்ன செய்வது? விடியலுக்கு முன் எழுந்து ஜப்ஜி சாகிப், மாலையில் ரெஹ்ராஸ், படுக்கும் முன் சோஹிலா என்ற பிரார்த்தனைப் பாடல்களைச் சொல்லுங்கள். உழைத்துச் சம்பாதியுங்கள், பகிர்ந்து உண்ணுங்கள், குருத்வாராவின் பொதுச் சமையற்கூடமான லங்கரில் பாத்திரம் கழுவுங்கள். அர்தாஸ் என்ற பொதுப் பிரார்த்தனை முடியும்போது சொல்லும் 'சர்பத் தா பலா' எல்லோருடைய நலனுக்குமான வேண்டுதல், சீக்கியருக்கு மட்டுமானதல்ல; அதைச் சொல்லும்போது உங்களோடு மனத்தாங்கல் உள்ள ஒருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அமிர்தம் எடுக்க, அதாவது முறைப்படி சீக்கிய தீட்சை பெற, அவசரப்படாதீர்கள். சீக்கிய நடத்தை விதித் தொகுப்பான ரெஹத் மர்யாதாவின்படி எந்த நாட்டவரும், எந்தச் சாதியினரும், எந்த மதத்திலிருந்து வருபவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வரும்போது வெட்டாத கேசம், சீப்பு, இரும்புக் காப்பு, கச்சேரா என்ற அரைக்கால் உள்ளாடை, கிர்பான் என்ற குறுவாள் ஐந்தும் இருக்க வேண்டும், வேறு மத அடையாளம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. பழைய தாயத்தை ஒரு பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளலாமே என்று மனம் இழுத்தால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள், யாரும் உங்களை விரட்டப்போவதில்லை. எடுத்த பிறகு முடி வெட்டுவது, புகையிலை போன்ற பெரிய தவறு நடந்துவிட்டால் மறைக்காமல், அமிர்தம் கொடுக்கும் ஐந்து பேரான பஞ்ச பியாரேக்களிடம் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் பரிகாரத்தை ஏற்று மறுபடியும் அமிர்தம் எடுக்க வழி இருக்கிறது.